டேப்லெட்டை மானிட்டரில் இணைப்பது: டைப் சி துளை இருந்தாலே படம் வந்துவிடுமா?

"டேப்ல டைப் சி இருக்கு, டிவில எச்டிஎம்ஐ இருக்கு, நடுவுல ஒரு கேபிள் போட்டா வேலை முடிஞ்சுது." கடலூர் லாரன்ஸ் ரோட்டிலும் புதுச்சேரி நேரு வீதியிலும் செல்போன் உதிரிபாகக் கடைகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. இதை நம்பி கேபிள் வாங்கிப் போகிறவர்களில் சிலருக்குப் படம் வந்துவிடுகிறது. மற்றவர்கள் வீட்டில் டிவி 'நோ சிக்னல்' என்றே நிற்கிறது. கேபிள் மட்டம் என்று நினைத்து இன்னும் விலை கூடிய கேபிளை வாங்குகிறார்கள். அதிலும் வராவிட்டால் டிவியைச் சந்தேகிக்கிறார்கள், பிறகு டேப்பை ரீசெட் செய்து உள்ளே இருந்த நோட்ஸையும் இழக்கிறார்கள்.

பெரும்பாலும் கேபிளிலும் குறை இருப்பதில்லை, டிவியிலும் இருப்பதில்லை. அந்த டேப்பின் துளை வழியாகப் படம் வெளியே வர ஏற்பாடே செய்யப்பட்டிருக்காது. அந்த ஏற்பாடு என்ன, அது இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது, இல்லாதவர்கள் என்ன செய்யலாம் என்பதைப் பார்ப்போம்.

எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம்?

இரண்டு வேறு வேலைகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். டேப்பில் ஓடுவதைப் பெரிய திரையில் காட்டுவது ஒரு வேலை. லேப்டாப்பில் ஓடுவதை டேப்பில் காட்டி, டேப்பையே இன்னொரு மானிட்டராக வைத்துக்கொள்வது வேறு வேலை. இந்தக் கட்டுரை முதல் வேலையைப் பற்றியது.

இரண்டாவதுக்கு ஒரு குறிப்பு மட்டும் போதும். லேப்டாப்பின் எச்டிஎம்ஐ துளையிலிருந்து படம் வெளியே வரும். டேப்பின் டைப் சி துளையிலிருந்தும், வருமானால், வெளியேதான் வரும். இரண்டையும் சேர்த்துக் கட்டினால் எதிர்த் திசையில் படம் உள்ளே போகாது. லெனோவோ யோகா டேப் 13 போல, படத்தை உள்வாங்கவே மைக்ரோ எச்டிஎம்ஐ துளை வைத்த டேப்கள் அபூர்வம். மற்றவற்றில் டூயட் டிஸ்ப்ளே, ஸ்பேஸ்டெஸ்க் போன்ற செயலிகள் வேண்டும். ஆப்பிள் வைத்திருப்பவர்களுக்கு 2019-இல் வந்த சைட்கார் இருக்கிறது.

ஒரு நொடிப் படம் எவ்வளவு கனம்?

சார்ஜ் ஏற்றுகிற, பென் டிரைவ் படிக்கிற அதே துளையில் படம் மட்டும் ஏன் வர மறுக்கிறது என்பதற்குக் கணக்கிலேயே பதில் இருக்கிறது.

ஃபுல் எச்டி திரையில் குறுக்கே 1920, நெடுக்கே 1080 புள்ளிகள். மொத்தம் 20,73,600. ஒவ்வொரு புள்ளிக்கும் அதன் நிறத்தைச் சொல்ல 24 பிட் தேவை. பிட் என்பது கணினித் தகவலின் ஆகச் சிறிய துணுக்கு, 0 அல்லது 1. ஆக ஒரே ஒரு படத்துக்கு ஏறக்குறைய 5 கோடி பிட். திரை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுவதால், ஒரு நொடிக்கு ஏறக்குறைய 300 கோடி பிட், அதாவது 3 ஜிகாபிட். 4கே திரை என்றால் இதில் நான்கு மடங்கு.

விலை குறைந்த டேப்களில் இருப்பது யூஎஸ்பி 2.0. அதன் உச்ச வேகம் நொடிக்கு 480 மெகாபிட், அதாவது 48 கோடி பிட். 300 கோடி போக வேண்டிய இடத்தில் 48 கோடிக்குத்தான் வழி.

"அப்புறம் யூடியூப் மட்டும் சாதாரண நெட்டில் எப்படி ஓடுகிறது?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி. அது முன்கூட்டியே சுருக்கி வைக்கப்பட்ட வீடியோ. சுருக்கியது சில மெகாபிட் வேகத்திலேயே வந்து சேரும், வந்த பிறகு டேப் அதை விரித்துக் காட்டும். மானிட்டருக்கோ விரித்துக் காட்டும் வேலை தெரியாது. முழுக் கனத்தோடு கொண்டுபோய்க் கொடுத்தால்தான் வாங்கிக்கொள்ளும்.

தேர் ஓடும் வீதி

இனி அந்தத் துளைக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். புதுச்சேரியை அடுத்த வில்லியனூர் தேரோட்டத்தை மனதில் வைத்துக்கொண்டால் இது சுலபமாகப் பிடிபடும். பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் கவர்னரே வந்து வடம் பிடித்த தேர் அது. இன்றும் துணைநிலை ஆளுநர் வந்து வடம் பிடிக்கிறார்.

தேர் ஓடும் வீதியில் மற்ற நாட்களில் பஸ்ஸும் ஆட்டோவும் டூவீலரும் போகின்றன. தேரன்று அவை வேறு வழியில் திருப்பிவிடப்படுகின்றன, குறுக்கே போகும் மின்கம்பிகள் கழற்றப்படுகின்றன, வீதி முழுவதும் தேருக்கே. வீதி மாறவில்லை, அன்றைக்கு அதன் பயன் மாறியிருக்கிறது. இதற்கு இரண்டு விஷயங்கள் அமைய வேண்டும். வீதிக்குத் தேர் போகும் அகலம் இருக்க வேண்டும். தேர் புறப்படும் முன்பே சம்பந்தப்பட்டவர்கள் பேசி முடித்திருக்க வேண்டும்.

டைப் சி என்பது 2014-இல் வந்த ஒரு துளையின் வடிவம், அவ்வளவுதான். அதற்குள் 24 தொடர்புப் புள்ளிகள், மேலே 12, கீழே 12. படத்தைப் பொறுத்தவரை நமக்கு முக்கியமானவை மூன்று.

நான்கு அதிவேகக் கம்பி ஜோடிகள் உண்டு. இவைதான் தேர் வீதிகள். வழக்கமாக இவற்றில் யூஎஸ்பி 3 தகவல் ஓடும். இவற்றை விட்டுத் தனியாக, யூஎஸ்பி 2.0-க்கென்று ஒரு மெல்லிய ஜோடி. இது சந்து. பென் டிரைவ், கீபோர்டு, மவுஸ் எல்லாம் இந்தச் சந்திலேயே போய்வந்துவிடும். மூன்றாவது, பேச்சுவார்த்தைக்கென்று ஒரு தனிக் கம்பி. எவ்வளவு மின்சாரம் கொடுப்பது, எதிர்முனையில் இருப்பது சார்ஜரா மானிட்டரா என்பதெல்லாம் இதன் வழியாகத்தான் பேசி முடிவாகிறது.

மானிட்டரையோ அடாப்டரையோ செருகியதும் டேப் இந்தக் கம்பியில் விசாரிக்கிறது: நீ யார், உனக்குப் படம் வாங்கத் தெரியுமா? எதிர்முனை "தெரியும்" என்றால், டேப் அந்த நான்கு ஜோடிகளிலுமோ, அவற்றில் இரண்டிலோ யூஎஸ்பி போக்குவரத்தை நிறுத்திவிட்டுப் படத்தை அனுப்பத் தொடங்குகிறது. இப்படி வீதியின் பயனை மாற்றிக்கொள்வதற்குப் பெயர் ஆல்டர்னேட் மோட். அதில் ஓடும் பட மொழியின் பெயர் டிஸ்ப்ளேபோர்ட். பிறகு மானிட்டர் தன் அளவுகளைச் சொல்லும், டேப் அதற்கு ஏற்ற படத்தைத் தயாரிக்கும். செருகியதற்கும் படம் தெரிவதற்கும் நடுவே ஒன்றிரண்டு நொடி இருட்டு வருகிறதே, இந்தப் பேச்சு நடக்கும் நேரம் அது.

விலை குறைந்த டேப்களில் என்ன நடக்கிறது? வெளியே டைப் சி துளை வைக்கிறார்கள், உள்ளே அந்த யூஎஸ்பி 2.0 சந்து ஒன்றை மட்டும் இணைக்கிறார்கள். நான்கு ஜோடிக்கான புள்ளிகளுக்குப் பின்னால் கம்பியே போவதில்லை. சந்தில் தேர் ஓடாது. எந்தச் செயலியாலும் எந்த செட்டிங்காலும் இல்லாத வீதியைப் போட்டுவிட முடியாது. டெவலப்பர் ஆப்ஷனுக்குள் போய் 'டெஸ்க்டாப் மோட்' என்று எதையாவது தட்டிவிட்டால் படம் வந்துவிடும் என்று சொல்லும் வீடியோக்களைப் பார்த்து நேரத்தைக் கொடுக்காதீர்கள். டேப் 'ஓடிஜி சப்போர்ட்' செய்கிறது என்பதும் படத்துக்கு உத்தரவாதம் ஆகாது. பென் டிரைவைப் படிக்கும் என்பதுதான் அதற்குப் பொருள்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: டைப் சி என்பது வடிவம். படம் வர, உள்ளே அதிவேகக் கம்பிகள் இணைக்கப்பட்டிருக்க வேண்டும், டேப்புக்கு டிஸ்ப்ளேபோர்ட் பேசத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் திரையில் 'நோ சிக்னல்'தான்.

எந்த டேப்பில் வரும், எதில் வராது

சாம்சங்கில் டேப் எஸ்8, எஸ்9 போன்ற எஸ் வரிசையின் மேல்நிலை மாடல்களில் கேபிள் வழியாகப் படம் வரும். ஏ8, ஏ9 போன்ற ஏ வரிசையில் வராது. பெயரில் எஸ் இருப்பதை மட்டும் நம்பவும் கூடாது. டேப் எஸ்6 லைட் மாணவர்கள் நிறைய வாங்கிய மாடல், பேனாவும் கூடவே வரும். அதில் கேபிள் வழிப் படம் கிடையாது.

ஐபேடில் கணக்கு கொஞ்சம் எளிது. டைப் சி துளை வைத்த ஐபேட்கள் எல்லாவற்றிலும் படம் வரும். 2018-இன் ஐபேட் ப்ரோதான் அந்த வரிசையில் முதல். லைட்னிங் துளை உள்ள பழைய ஐபேடுக்கு ஆப்பிளின் தனி அடாப்டர் வேண்டும்.

2022-இல் வந்த பத்தாம் தலைமுறை ஐபேட் பலரையும் குழப்பும் மாடல். அதன் தகவல் வேகம் யூஎஸ்பி 2.0 அளவுதான், 480 மெகாபிட். ஆனாலும் வெளித்திரைக்கு 4கே படத்தை 30 ஹெர்ட்ஸிலும், ஃபுல் எச்டியை 60 ஹெர்ட்ஸிலும் அனுப்புகிறது. ஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு எத்தனை முறை திரை புதுப்பிக்கப்படுகிறது என்ற எண்ணிக்கை. அங்கே பென் டிரைவுக்குச் சந்துதான், தேருக்கு மட்டும் வீதி போட்டிருக்கிறார்கள். "யூஎஸ்பி 3 இருந்தால் படம் வரும், இல்லாவிட்டால் வராது" என்ற கடைக்காரர் கணக்கு ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் பலிக்கும். ஆனாலும் அதுவே விதி ஆகாது. பார்க்க வேண்டியது டிஸ்ப்ளேபோர்ட் இருக்கிறதா என்பதை.

கேபிளிலும் சந்து உண்டு

டேப் சரியானதாக இருந்தும் படம் வராத கதை ஒன்று உண்டு. டைப் சி துளை வைத்த மானிட்டரோடு டேப்பை இணைக்க, சார்ஜரோடு வந்த கேபிளையே எடுத்துப் போடுகிறோம். இரண்டு முனையும் பார்க்க ஒன்றுபோல இருக்கும், சார்ஜ் கூட ஏறும், படம் வராது. சார்ஜர் கேபிள்களில் பெரும்பாலும் மின்சாரக் கம்பியும் யூஎஸ்பி 2.0 ஜோடியும் மட்டுமே இருக்கும். மானிட்டர் பெட்டியிலேயே டைப் சி கேபிள் வந்திருந்தால் அதையே பயன்படுத்துங்கள். தனியாக வாங்கினால் 'வீடியோ' அல்லது '4கே' என்று எழுதியிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். எல்லாக் கம்பியும் உள்ள கேபிள் கையில் எடுத்தாலே சற்றுத் தடிமனாக, வளைய மறுப்பதாக இருக்கும். கையை மட்டும் நம்பாமல் அட்டையையும் படித்துவிடுங்கள்.

டைப் சியிலிருந்து எச்டிஎம்ஐக்குப் போகும் கேபிளோ அடாப்டரோ வெறும் கம்பி கிடையாது. டைப் சி வழியாக நேரடியாக எச்டிஎம்ஐ அனுப்பும் முறை ஒன்று 2016-இல் அறிவிக்கப்பட்டது, ஆனால் அதை வைத்து அடாப்டர்கள் சந்தைக்கு வரவில்லை. அதனால் இன்று விற்கும் அடாப்டர்களுக்குள் டிஸ்ப்ளேபோர்ட்டை எச்டிஎம்ஐ ஆக மாற்றும் ஒரு சின்ன சிப் உட்கார்ந்திருக்கிறது. அது ஒரு திசையில்தான் மாற்றும்.

சார்ஜும் வேண்டும், மவுஸும் வேண்டும், படமும் வேண்டும், துளையோ ஒன்று என்றால், ஒரு துளையைப் பல துளைகளாகப் பிரித்துத் தரும் ஹப் வாங்க வேண்டும். 'பிடி' என்று எழுதிய டைப் சி துளை அந்த ஹப்பில் இருக்கட்டும், அதில் சார்ஜரைச் செருகினால் மின்சாரம் டேப்புக்குப் போகும். பல ஹப்கள் நான்கு ஜோடிகளில் இரண்டைப் படத்துக்கும் இரண்டை யூஎஸ்பி 3-க்கும் பிரித்துக்கொடுக்கின்றன. 4கே திரை 60 ஹெர்ட்ஸுக்குப் பதில் 30 ஹெர்ட்ஸிலேயே நின்று, மவுஸ் அம்பு தத்தித் தத்தி நகர்வதற்கு இது ஒரு காரணம். ஃபுல் எச்டி திரைக்கு இந்தக் கவலை வேண்டாம்.

நேர்வழி இல்லாதவர்களுக்கு

லாரன்ஸ் ரோட்டுக் கடை ஒன்றில் பார்த்தது. மஞ்சக்குப்பத்தில் டியூஷன் எடுக்கும் ஓர் ஆசிரியை, கையில் ஏ வரிசை டேப், பையில் இரண்டு எச்டிஎம்ஐ கேபிள்.

"தம்பி, ரெண்டும் போட்டுப் பாத்துட்டேன். நோ சிக்னல்னே நிக்குது."

"இது காஸ்ட்லி கேபிள் மிஸ், இதுல கண்டிப்பா வந்துடும்."

அவர் டேப்பையும் கொண்டு வந்திருந்தார், கடையில் டிவியும் ஓடிக்கொண்டிருந்தது. அங்கேயே போட்டுப் பார்க்கச் சொன்னார். வரவில்லை. மூன்றாவது கேபிளுக்குப் பணம் போகாமல் தப்பித்தது. அவருக்குத் தேவைப்பட்டதெல்லாம், டேப்பில் பேனாவால் போடும் கணக்கைப் பத்துப் பிள்ளைகள் டிவியில் பார்க்க வேண்டும் என்பதுதான். வீட்டில் இருந்ததோ ஸ்மார்ட் டிவி. கேபிளே தேவைப்படாத வேலை அது.

கம்பியில்லா இணைப்பில் டேப் தன் திரையைத் தானே சுருக்கி வைஃபையில் அனுப்புகிறது, டிவிக்குள் இருக்கும் சிப் அதை விரித்துக் காட்டுகிறது. சுருக்கிவிட்டதால் 300 கோடி பிட் தேவையில்லை, விலை குறைந்த டேப்பிலும் ஓடும். இதற்கான பொது முறைக்கு மிராகாஸ்ட் என்று பெயர், 2012-இல் வந்தது. சாம்சங் டேப்பில் 'ஸ்மார்ட் வியூ' என்று தேடுங்கள், மற்றவற்றில் 'காஸ்ட்' அல்லது 'வயர்லெஸ் டிஸ்ப்ளே' என்று இருக்கும். ஆப்பிளில் இதே வேலைக்கு ஏர்ப்ளே.

சுருக்கி விரிக்கும் நேரம் தாமதமாகத் தெரியும். எழுதுகிறவர் டேப்பைப் பார்த்து எழுதுகிறார், பிள்ளைகள் டிவியைப் பார்க்கிறார்கள். கோடு ஒரு கணம் பிந்தி வந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. பாடம் நடத்த இதுவே போதும் என்பது என் உறுதியான கருத்து. வேகமான கேம் ஆடுவதற்கும், டிவியையே பார்த்துக்கொண்டு வரைவதற்கும் இது சரிப்படாது.

யூடியூபில் இருக்கும் காஸ்ட் பொத்தான் வேறு வேலை செய்கிறது. அதைத் தட்டினால் டேப் படத்தை அனுப்புவதில்லை, எந்த வீடியோ என்று மட்டும் டிவிக்குச் சொல்கிறது. டிவி தானே இணையத்திலிருந்து எடுத்து ஓட்டுகிறது. டேப்பின் திரையை அணைத்தாலும் படம் தொடர்ந்து ஓடுவது அதனால்தான்.

கேபிள்தான் வேண்டும், டேப்போ ஆண்ட்ராய்டு, டிஸ்ப்ளேபோர்ட்டும் இல்லை என்றால் டிஸ்ப்ளேலிங்க் என்ற வழி மிச்சமிருக்கிறது. அந்த சிப் வைத்த அடாப்டரும், டேப்பில் அதற்கான செயலியும் சேர்ந்து, சுருக்கிய படத்தை யூஎஸ்பி வழியாக அனுப்பும். சந்திலும் போகும். சாதாரண எச்டிஎம்ஐ அடாப்டரைவிட விலை நன்றாகவே கூடுதல், பேட்டரியும் வேகமாக இறங்கும். அலுவலகக் கோப்புகளுக்குச் சரி, ஸ்மார்ட் டிவி இருக்கிற வீட்டுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சுருக்கமாக, நேர்வழியில் போகும் படம் சுருக்கப்படாதது, தாமதமில்லாதது, அதற்குத் தகுந்த டேப் வேண்டும். வைஃபையும் டிஸ்ப்ளேலிங்கும் சுருக்கி அனுப்புபவை, ஏறக்குறைய எந்த ஆண்ட்ராய்டு டேப்புக்கும் பொருந்துபவை, கொஞ்சம் பிந்துபவை.

அதே திரையா, தனித் திரையா?

படம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். டேப்பில் தெரிவதே மானிட்டரிலும் தெரிந்தால் அது மிரரிங். மானிட்டரில் வேறு ஜன்னல்கள், டேப்பில் வேறு வேலை என்று பிரிந்தால் அது நீட்டித்த திரை. வாங்குகிறவர்கள் மனதில் இருப்பது பெரும்பாலும் இரண்டாவது, கிடைப்பது பெரும்பாலும் முதலாவது. ஏமாற்றம் அங்கேதான் வருகிறது.

சாம்சங்கில் டெக்ஸ் என்ற வசதி மானிட்டரைக் கணினித் திரைபோல மாற்றித் தருகிறது. 2017-இல் போனுக்கு வந்தது, 2018-இன் டேப் எஸ்4 முதல் டேப்களுக்கும் வந்தது. ஐபேடில், பல ஜன்னல்களைத் திறந்து வைத்துக்கொள்ள உதவும் ஸ்டேஜ் மேனேஜர் வழியாகத் தனித் திரை கிடைக்கும், ஆனால் எம்1 அல்லது அதற்குப் பிந்தைய எம் வரிசை சிப் உள்ள ஐபேடில் மட்டும். மற்ற டைப் சி ஐபேட்களில் மிரரிங்தான். வெளித்திரையில் ஸ்டேஜ் மேனேஜர் வசதி 2022 டிசம்பரில் ஐபேட்ஓஎஸ் 16.2 உடன் வந்தது. எழுத்து வேலை, கணக்கு வேலை என்று மானிட்டரையே நம்பி டேப் வாங்குகிறவர்கள் இந்த வேறுபாட்டை முதலில் பார்க்க வேண்டும்.

வாங்கும் முன்

தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடலின் விவரப் பக்கத்தைத் திறந்து, யூஎஸ்பி என்ற இடத்தில் 'டிஸ்ப்ளேபோர்ட்' அல்லது 'வீடியோ அவுட்' என்று இருக்கிறதா பாருங்கள். வெறுமனே 'யூஎஸ்பி டைப் சி 2.0' என்று மட்டும் இருக்கும் ஆண்ட்ராய்டு டேப்பில் படம் வராது என்றே எடுத்துக்கொள்ளலாம். மாடல் எண்ணைக் கடைசி எழுத்துவரை ஒப்பிடுங்கள், ஒரே பெயரில் 'லைட்', 'பிளஸ்' என்று வேறு வேறு மாடல்கள் இருக்கின்றன.

புதுச்சேரி ஞாயிற்றுக்கிழமைச் சந்தை போன்ற இடங்களில் அடாப்டர் மலிவாகக் கிடைக்கும். அங்கே போட்டுப் பார்க்க வழியில்லை என்பதை யோசித்துக்கொள்ளுங்கள். டேப்பைக் கையோடு கொண்டுபோய், திரை உள்ள கடையில் செருகிப் பார்த்து வாங்குவது நூறு ரூபாய் கூடினாலும் லாபம்.

படம் வந்த பிறகு

ஐபேடை மிரர் செய்தால் மானிட்டரின் இரு ஓரத்திலும் கறுப்புப் பட்டை நிற்கும். பல ஐபேட்களின் திரை 4:3 வடிவம், மானிட்டர் 16:9. பட்டை இருப்பது பழுது இல்லை.

சத்தம் காணாமல் போவதும் அடிக்கடி நடக்கும். எச்டிஎம்ஐ படத்தோடு ஒலியையும் எடுத்துச் செல்கிறது. டிவியில் ஸ்பீக்கர் இருக்கிறது, பல மானிட்டர்களில் கிடையாது. டேப் ஒலியை மானிட்டருக்கு அனுப்பிவிட்டு அமைதியாகிவிடும். மானிட்டரின் பின்பக்கம் ஹெட்போன் துளை இருந்தால் அதில் ஸ்பீக்கரைச் செருகலாம், இல்லாவிட்டால் புளூடூத் ஸ்பீக்கர். கம்ப்யூட்டர் சென்டர்களில் இன்னும் இருக்கும் பழைய நீலநிறத் துளை மானிட்டர் என்றால், அது 1987-இல் வந்த விஜிஏ. அதற்கு மாற்றி வேண்டும், ஒலி அதன் வழியே போகவே போகாது.

ஓடிடி படம் மட்டும் கறுப்பாகத் தெரிந்து, மற்றதெல்லாம் சரியாக இருந்தால், காரணம் எச்டிசிபி என்ற திருட்டுத் தடுப்புப் பூட்டாக இருக்கலாம். வழியில் உள்ள அடாப்டரோ திரையோ அந்தப் பூட்டைத் திறக்கத் தெரியாததாக இருந்தால் செயலி படத்தைக் கொடுக்காது. டிஸ்ப்ளேலிங்கிலும் இப்படி ஆகும். அதே படத்தை டிவியின் சொந்தச் செயலியில் பார்த்துக்கொள்ளலாம்.

முதல் நாள் வந்த படம் சில மாதம் கழித்து விட்டுவிட்டு வந்தால், அடாப்டரை மாற்றும் முன் துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பையில் கிடக்கும் டேப்பின் துளைக்குள் பஞ்சும் தூசியும் அடைந்து, முனை முழுதாக உள்ளே போகாமல் நிற்கும். தேவனாம்பட்டினம் மாதிரி கடலோரத்தில் உப்புக்காற்றின் ஈரமும் சேர்ந்து அது இறுகிவிடும். டேப்பை அணைத்துவிட்டு, மரப் பல்குச்சியால் மெதுவாக எடுங்கள். ஊக்கு, ஊசி வேண்டாம். நடுவே நிற்கும் மெல்லிய நாக்கில்தான் அந்த 24 புள்ளிகளும் இருக்கின்றன.